கரிக்கும் நூல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எட்டுப் பேரிடமும் அரைமணி நேரம் பேச வேண்டும் என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்க சாதனைங்களப் பத்தி சொல்லுங்க சார்" என்றார்கள்.

பணி ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. யோசித்துப் பார்த்ததில், சாதனை என்று இந்த வட்டாரத்தில் பேசப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அதற்காகப் புதுச்சேரியில் ஒரு ஓட்டல் மண்டபத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தச் சாதனையைச் செய்தது நான் இல்லை, ஒரு கிழிந்த ஜவ்வு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன். நேரில் பேசினால் எனக்குச் சாதகமாகச் சில இடங்களை வழுக்கிக்கொண்டு போய்விடுவேன். அதனால் எழுதியே கொடுத்துவிட்டேன்.

நான் அடிப்படையில் பாலியெஸ்டர்காரன். இருபத்தெட்டு வருடம் பாலியெஸ்டர் நூல் ஆலைகளில் வேலை பார்த்தேன். அங்கே நூலில் மின்சாரம் சேர்ந்துவிட்டால் அது வியாதி. இழைகள் ஒன்றையொன்று உதறித் தள்ளும், மெஷினைத் தொட்டவன் கையை உதறுவான். அதைப் போக்குவதற்கு எண்ணெய் தடவுவோம், ஈரக்காற்று ஊதுவோம். ஐம்பது வயதைத் தாண்டி இந்தக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தபோது, நூலில் போதுமான அளவு மின்சாரம் போகவில்லை என்று எம்.டி. கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அதுவரை துரத்தி அடித்த ஒன்றை இனிமேல் வரவேற்று உட்காரவைக்க வேண்டும். சம்பளம் மட்டும் அதே கைக்கு வந்தது.

அன்றைய எம்.டி.க்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்த குடும்பம். வெளிநாட்டில் பாலிமர் படித்துவிட்டு வந்து, ஈ.சி.ஆர். ரோட்டுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருந்த குடும்ப நிலத்தில் கட்டடம் எழுப்பினார். எலெக்ட்ரானிக்ஸ் சம்பந்தப்பட்ட எதையும் கடலைவிட்டுத் தள்ளிக் கட்டுங்கள் என்று அவருக்கு ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. "நிலம் இங்கதான இருக்குது" என்றாராம். அதற்கு மேல் விவாதிக்க அதில் ஒன்றும் இல்லை.

வேலையைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை, முதல் வாரத்திலேயே பழகிவிடுவீர்கள். கருநீல மை போன்ற பாலிமர் திரவத்தை முடியைவிட மெல்லிய துளைகள் வழியாக ஒரு தொட்டிக்குள் தள்ளினால் அது நூலாக உறைகிறது. அதை இரண்டாவது தொட்டியில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்துச் சுற்றுகிறோம். ஒரு துளி உலோகம் இல்லை, ஆனாலும் மின்சாரம் போகும். மீட்டரின் இரண்டு முனைகளையும் நூலில் வைத்தால், மின்சாரத்துக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று ஓர் எண் வரும். எண் சின்னதாக இருந்தால் நல்ல நூல். எங்கள் சந்தோஷம், துக்கம், டீயில் சர்க்கரை எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது.

அப்போது எங்களுக்கு ஒரு பெரிய ஆர்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரி. இருதய ஆபரேஷன் முடிந்து சாதாரண வார்டுக்கு மாற்றப்படும் நோயாளிகளுக்கு, மார்பில் ஒயர் ஒட்டுவதற்குப் பதிலாக எங்கள் நூலில் நெய்த பனியன். பனியனின் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. நோயாளி எழுந்து நடந்தாலும் தூங்கினாலும் இதயத் துடிப்பு நர்ஸ் மேஜையில் இருக்கும் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். துடிப்பு தடுமாறினால் அலாரம் அடிக்கும். ஆர்டரைக் கவனித்த டாக்டர், ஐம்பது வயதுப் பெண்மணி, ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தடை இவ்வளவுக்குள் இருக்க வேண்டும். எங்கள் நூல் அதைத் தொடவில்லை. கிட்டத்தில் வந்து வந்து நின்றது.

நான் யோசித்து, இரண்டாவது தொட்டியில் நூல் ஊறும் நேரத்தைக் கூட்டினேன். செவ்வாய்க்கிழமை கூட்டினேன். வெள்ளிக்கிழமை எண்கள் சரிய ஆரம்பித்தன. அடுத்த வாரம் டாக்டர் கேட்ட எல்லைக்குக் கீழே போய்விட்டன. எம்.டி. என்னைக் கட்டிப்பிடித்தார். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் ஏன் மூன்று நாள் எதுவும் நடக்கவில்லை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கட்டிப்பிடிக்கப்பட்ட மனிதன் அப்படியெல்லாம் கேட்க மாட்டான். ஜவுளித் தொழில்நுட்பக் கூட்டம் ஒன்றில் 'ஊறும் நேரத்தின் தாக்கம்' என்று நாற்பது நிமிடம் பேசினேன். பொன்னாடை வந்தது அங்கேதான்.

மீட்டர் பிடித்தவர் கஸ்தூரி. கல்யாணமாகி வந்ததிலிருந்து உப்பளத்தில் வேலை பார்த்தவர். பிளஸ் டூ முடித்திருந்ததால் எங்கள் கம்பெனி தொடங்கியதும் விண்ணப்பம் போட்டு உள்ளே வந்துவிட்டார். கை நிதானம், கண் கூர்மை. எண்களை முத்து முத்தாக எழுதுவார். எனக்குப் பொன்னாடை கிடைத்த மறுவாரம் அவர் என் மேஜைக்கு வந்தார்.

"சார், மீட்டரு நிக்க மாட்டேங்குது."

"நிக்கலன்னா?"

"வெச்ச உடனே கொறச்சலா காட்டுது. அப்புறம் மெதுவா ஏறிக்கினே போவுது. முன்னெல்லாம் வெச்ச எடத்துல நிக்கும்."

"கை ஆடுதா பாரு."

"கை ஆடல சார்."

"அப்ப மொதல்ல காட்டறத எழுதிக்கோ. ரெண்டு செகண்டுக்கு மேல வெக்காத."

இதை வாயால் சொன்னதோடு நான் விடவில்லை. டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, லேமினேஷன் செய்து, சோதனை மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். 'இரண்டு வினாடிக்குள் அளவை எடுக்கவும்.' ஒரு கேள்வியை அறிவிப்புப் பலகையாக மாற்றிவிட்டால் அதைப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

கஸ்தூரி கேட்டார். அது ஜூன் மாதம். பகலில் மேற்கிலிருந்து அனல்காற்று, பிற்பகலில் கடல்காற்று.

"சார், காலைல எட்டு மணிக்கு பாத்தா நூலு நல்லா இருக்குது. பதினோரு மணிக்கு மேல்காத்து அடிக்கிறப்ப பாத்தா கெட்டுப் போவுது. கடல்காத்து திரும்பிச்சுன்னா மறுபடியும் நல்லாயிடுது. தொட்டாலே தெரியுது சார். காலைல நசநசன்னு இருக்குது, மேல்காத்துல மொறமொறன்னு ஆயிடுது. உப்புதான் இந்த மாதிரி பண்ணும்."

நான் சிரித்தேன். "ஏம்மா, அளத்த உட்டு வந்து ரெண்டு வருஷம் ஆவுது. இன்னும் உனக்கு எல்லாம் உப்பாவே தெரியுதா?"

பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். கஸ்தூரி சிரிக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதை நான் முழுவதுமாக உதறிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாளிலிருந்து எல்லா அளவுகளையும் காலை எட்டு மணிக்கே எடுத்துவிட உத்தரவு போட்டேன். ஒரே நேரத்தில், ஒரே நிலையில் அளப்பதுதான் விஞ்ஞான முறை என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. அந்த நிலையை எனக்குப் பிடித்தபடி தேர்ந்தெடுத்துக்கொண்டேன் என்பது மட்டும் விளக்கத்தில் விட்டுப்போயிற்று.

டாக்டர் பார்வையிட வந்தார். அவர் வருகைக்காக எம்.டி. மீட்டிங் அறைக்கு ஏ.சி. போட்டிருந்தார். ஆனால் சோதனையைத் தொழிற்கூடத்திலேயே நடத்தினோம். வெயிலில் நடந்து வந்த செக்யூரிட்டிக்குப் பனியனை மாட்டிவிட்டோம். அவர் வியர்வையில் ஊறிப்போய் நின்றார். திரையில் துடிப்பு மலைத்தொடர் மாதிரி ஓடியது. டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "எங்க வார்டு மெஷின்ல வர்றதவிட சுத்தமா இருக்குது" என்றார். நூற்றிருபது பனியனுக்கு அங்கேயே ஒப்புதல் கொடுத்தார். ஒரு பனியனை எம்.டி. ஹேங்கரில் மாட்டி மீட்டிங் அறையில் காட்சிக்கு வைத்தார். அந்த அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டே இருந்தது. புதிதாக வாங்கியது, அணைக்க மனசு வரவில்லை.

அனுப்பும் நாள் வந்தது. வேன் வாசலில் நின்றது. சூடம் கொளுத்தினார்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தார். எம்.டி.க்கு ஒரு யோசனை: அவரே பனியனைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், பின்னால் பெரிய டி.வி.யில் அவருடைய துடிப்பு ஓட வேண்டும், அந்தப் படம் கம்பெனி காலண்டருக்கு. மீட்டிங் அறையிலேயே ஹேங்கரில் இருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டார். கருவியைச் செருகினேன். டி.வி.யைப் போட்டேன்.

நேர்க்கோடு.

ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி. முன்னால் எம்.டி. இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் அவர் காலமாகியிருந்தார். போட்டோக்காரர், "சார், கொஞ்சம் இன்னும் சிரிங்க" என்றார். அவருக்கு டி.வி.யில் கோடு தெரிந்தால் போதும்.

எம்.டி. திரும்பிப் பார்த்தார். அலாரம் அடித்தது. அவர் முகம் வெளுத்துப்போனது. அந்த நிமிடம் தனக்கே உண்மையில் ஏதோ ஆகிவிட்டதோ என்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாது சார் இது?"

தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எனக்கு அந்த விநாடியே தெரிந்துவிட்டது. உப்பு என்று தெரியவில்லை, காரணம் தெரியவில்லை. ஆனால் இது ஒரு பனியனின் கோளாறு இல்லை என்று வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது. வயிற்றுக்குத் தெரிந்தது வாய்க்கு வருவதற்குள் வாய் தானாகவே பேசிவிட்டது.

"டிஸ்ப்ளே பீஸ் சார். ஜன்னல் வெளிச்சம் பட்டு பாலிமர் கெட்டுருக்கும்."

வெளிச்சம் பட்டால் பாலிமர் கெடும் என்பது பொய் இல்லை. இருபத்தெட்டு வருட அனுபவம் எதற்கு இருக்கிறது? நெருக்கடியில் உடனடியாக ஒரு கௌரவமான காரணத்தை எடுத்துக் கொடுக்கத்தான். பெட்டியிலிருந்து இன்னொரு பனியன் எடுத்து வந்தோம். அது தொழிற்கூடத்து ஈரத்திலேயே இருந்தது. எம்.டி. மாட்டிக்கொண்டார். மலைத்தொடர் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். வேன் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பிப் போனது.

நான் சோதனை அறைக்குப் போய் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் கழித்து கஸ்தூரி உள்ளே வந்தார். கையில் அந்த டிஸ்ப்ளே பனியன். மேஜையில் விரித்து மீட்டரை வைத்தார். எண் மேலே மேலே போய் எங்கேயோ நின்றது. பிறகு குனிந்து, கண்ணாடியைத் துடைப்பதற்கு ஊதுவோமே, அப்படி "ஹா" என்று நூலின்மேல் மூச்சு விட்டார். எண் சடாரென்று விழுந்தது. அப்புறம் மெதுவாக ஏற ஆரம்பித்தது.

"பாருங்க சார்."

"ஈரம் பட்டா எல்லா நூலும் கொஞ்சம் மாறும்மா" என்றேன். வாய் இன்னும் எனக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

"வெறும் ஈரத்துக்கு இவ்ளோ எறங்குமா சார்?"

அவர் நிமிர்ந்து அலசும் தொட்டிப் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயைத் திறந்து, விரல்நுனியை நனைத்து நாக்கில் வைத்தார். (தொழிற்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று பலகை இருக்கிறது. நீங்கள் யாரும் அதைச் செய்யாதீர்கள்.)

"கரிக்குது" என்றார்.

நானும் வைத்துப் பார்த்தேன். கரித்தது. கடலோர போர்த் தண்ணீர், சுத்திகரிக்கப்படாமல், அப்படியே வந்துகொண்டிருந்தது.

ஆர்.ஓ. மெஷினைத் திறந்தோம். உப்பை வடிகட்டும் ஜவ்வு கிழிந்து தொங்கியது. ஆனால் மெஷினின் முகப்பில் தண்ணீர் சுத்தமாக இருப்பதாக எண் காட்டிக்கொண்டிருந்தது. பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பல வாரமாக ஒரே எண். ஒரு புள்ளிகூட மாறவில்லை. அளக்கும் கருவி பழுதாகி, அந்த எண்ணிலேயே உறைந்துபோயிருந்தது. ஒவ்வொரு நாளும் அதைச் சிரத்தையாக எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். எண் உறைந்த நாளைத் தேடிப் பிடித்தேன். நான் ஊறும் நேரத்தைக் கூட்டிய அதே வாரம், வியாழக்கிழமை. ஜவ்வும் அப்போதுதான் கிழிந்திருக்க வேண்டும்; மறுநாள்தான் நூலின் எண்கள் சரிய ஆரம்பித்தன.

நகர வேண்டிய மீட்டர் நின்றுபோயிருந்தது. நிற்க வேண்டிய மீட்டர் நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டையும் நான்தான் மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் நூல் முன்பு எப்படியோ அப்படியேதான் இருந்தது. அதன்மேல் படிந்த உப்பு மரக்காணத்துக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, அந்த ஈரம்தான் மின்சாரத்தைக் கடத்தியது. மீட்டரை வைத்தபடியே வைத்திருந்தால் உப்பு இரண்டு முனைகளிலும் போய் ஒதுங்கிவிடும், எண் ஏறும்; கஸ்தூரி பார்த்தது அதைத்தான். காற்று காய்ந்தால் ஆட்டம் முடிந்தது. பெங்களூர் ஆஸ்பத்திரியின் இருதய வார்டு ஏ.சி. வார்டு.

டிரைவருக்குப் போன் போட்டேன். திண்டிவனத்தில் ஒரு டிபன் கடையில் இருந்தார்.

"வண்டியத் திருப்புப்பா."

"எம்.டி. சொன்னாருங்களா?"

"நான் சொல்றேன்."

கொஞ்சம் யோசித்தார். "தோசைக்கு சொல்லிட்டேன் சார். சாப்டுட்டு திருப்பட்டுமா?"

"சாப்டு. ஆனா திருப்பு."

தோசை வருவதற்குள் அவர் எம்.டி.க்குப் போன் செய்துவிட்டார். அது நியாயம்தான். எம்.டி. என் அறைக்குள் வந்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்து சொல்லும் விஷயம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், ஜவ்வு, பதிவேடு.

"காலைல நீங்கதான சார் வெளிச்சம்னு சொன்னீங்க?"

"ஆமா சார்."

"இப்ப உப்புன்றீங்க."

"ஆமா."

"நாளைக்கு இன்னா சொல்லுவீங்க?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அந்த ஆர்டரை நம்பி நாற்பது பேர் வேலையில் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரை அவருக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். சற்று நேரம் கழித்து நிமிர்ந்தார். முகத்தில் வெளிச்சம்.

"சார், ஒரு துண்டுச்சீட்டு அடிச்சு பெட்டில வெச்சிருவோம். 'போடறதுக்கு முன்னாடி லேசா தண்ணி தெளிச்சுக்கவும்'. எவ்ளோ மெஷினுக்கு ஜெல் தடவறாங்க, தண்ணி தொடைக்கறாங்க. தப்பில்லயே?"

தப்பில்லை. அதுதான் சிக்கல். முழுப் பொய்யாக இருந்தால் நானே சண்டை போட்டிருப்பேன். இது முக்கால் உண்மை. எனக்கும் ஆசை வந்தது என்பதை மறைக்கவில்லை. அந்தச் சீட்டு என் பொன்னாடையையும் சேர்த்துக் காப்பாற்றும். ஒரு நிமிடம் அந்த வாசகத்தை மனதுக்குள் திருத்திக்கூடப் பார்த்தேன். 'லேசா' என்பதற்குப் பதில் 'மிதமாக' என்று.

கஸ்தூரி கதவருகே நின்றிருந்தார். அவர் எம்.டி.யிடம் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டார். "ஏசில காஞ்சு போச்சுன்னா அலாரம் அடிக்கும் இல்ல சார்?"

"அடிக்கும்."

"எத்தினி வாட்டி அடிக்கும்?"

பனியன் காயக் காய அடிக்கும். நூற்றிருபது பனியன். அப்போதுதான் வார்டு என் கண்ணுக்குத் தெரிந்தது. எம்.டி.யிடம் சொன்னேன். "சார், மொத வாரம் அலாரம் அடிக்கிறப்பல்லாம் நர்ஸ் ஓடுவாங்க. போய்ப் பாத்தா பேஷண்ட் உக்காந்து இட்லி சாப்டுட்டு இருப்பாரு. ரெண்டாவது வாரம் நடந்து போவாங்க. மூணாவது வாரம் சத்தத்த கொறச்சு வெப்பாங்க. அப்புறம் ஒருநாள் நெஜமாவே ஒருத்தருக்கு நிக்கும். அன்னைக்கு நம்ம பனியன் சரியாத்தான் சொல்லும். கேக்கத்தான் ஆள் இருக்காது."

எம்.டி. எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே பாத்திகளில் ஆட்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர்கிட்ட நீங்களே பேசுங்க சார்" என்றார். "நான் பேசினா அந்த சீட்டப் பத்தி சொல்லிடுவேன்."

தன்னைப் பற்றி இவ்வளவு துல்லியமாக அளவெடுத்த மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

டாக்டரை அழைத்தேன். "டாக்டர், பனியன் இன்னைக்கு வராது."

"ஏன்?"

"அது எங்க ஊர்ல மட்டுந்தான் வேலை செய்யும்."

"அப்ப எங்க பேஷண்ட்டயெல்லாம் உங்க ஊருக்கு அனுப்பி வெக்கட்டுமா?" என்றார்.

காரணத்தைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "இது உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?" என்றார்.

"இன்னைக்கு காலைல" என்றேன். சொல்லிவிட்டு கஸ்தூரி நிற்பதைப் பார்த்தேன். "இல்ல டாக்டர். எங்க கஸ்தூரி போன மாசமே சொன்னாங்க. எனக்கு இன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சு."

ஆர்டர் ரத்து. அதை அவர் கோபமில்லாமல், மருந்துச்சீட்டு எழுதுவதுபோல் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

அடுத்து வந்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டு பேர் வேலையை விட்டு மறுபடி உப்பளத்துக்கே போனார்கள். ஆர்.ஓ. சரியானதும், நல்ல தண்ணீரில் அலசிய நூலின் எண்கள் பழைய இடத்துக்கே ஏறி நின்றன. ஊறும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். எந்த வித்தியாசமும் இல்லை. நாற்பது நிமிடம் நான் விளக்கிய விஷயத்துக்கு எந்தத் தாக்கமும் கிடையாது. பொன்னாடையைத் திருப்பித் தருகிறேன் என்று அந்த அமைப்புக்குக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. என் நேர்மையைப் பாராட்டி, அடுத்த வருடம் நடுவராக வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

கம்பெனி மூச்சுவிட்டது கையுறையால். குளிர்தேசங்களில் கையுறையைக் கழற்றாமலேயே போனைத் தொட வேண்டுமாம். அதன் விரல்நுனிக்கு எங்கள் நூல் போதும், அவ்வளவு நல்ல நூலாக இருக்க வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் மரக்காணத்தில் உட்கார்ந்து, பனியில் நடக்கிறவர்களின் விரலுக்கு நூல் சுற்றினோம்.

கஸ்தூரியிடம் நான் மன்னிப்புக் கேட்ட விதத்தையும் சொல்லிவிட வேண்டும். அன்று அவரைப் பார்த்துச் சிரித்த அந்த இரண்டு பேர் முன்னாலேயே கேட்டேன். "நீ சொன்னது சரி. நான்தான் கேக்கல" என்றேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். பேச்சை மாற்றுவதற்காகச் சுவரில் இருந்த லேமினேஷன் அறிவிப்பைப் பிய்த்தேன். குப்பையில் போடப் போனபோது கையை நீட்டினார்.

"குடுங்க சார், நான் எடுத்துக்கறேன். அடுப்பு மேடைல எண்ணெ பாட்டிலுக்கு அடியில போட நல்லா இருக்கும்."

இன்றைக்கு நீங்கள் சோதனை அறையில் செய்யப்போகும் இரண்டு காரியங்கள், நூலை உலர்பெட்டியில் ஒருநாள் வைத்துவிட்டு அளப்பது, மீட்டரை ஒரு நிமிடம் முழுக்க வைத்திருப்பது, இரண்டும் கஸ்தூரி எழுதிய முறை. சலிப்பாக இருக்கும். ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும்.

நூலை உண்மையிலேயே நல்ல நூலாக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதைச் செய்தது என் யோசனை இல்லை. நான் மூன்று தடவை வேண்டாம் என்று சொன்ன யோசனை. யாருடையது என்பதைக் கம்பெனியில் விசாரித்தால் சொல்வார்கள். டாக்டருக்கு நாங்களே எழுதினோம். வெகுநாள் கழித்து, பன்னிரண்டு பனியன் மட்டும் அனுப்பச் சொன்னார். ஏ.சி. அறையில் மூன்று வாரம் தொங்கவிட்டு, எம்.டி.யின் நெஞ்சில் மாட்டி, கோடு மலையாக ஓடுவதைப் பார்த்த பிறகே அனுப்பினோம். இந்த முறை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

இரண்டு மாதம் எந்தத் தகவலும் இல்லை. அப்புறம் ஒருநாள் மத்தியானம், சோதனை அறையில் நானும் கஸ்தூரியும் இருக்கும்போது டாக்டரிடமிருந்து போன். குரலில் கடுப்பு.

"உங்க பனியன் என்ன பண்ணிச்சு தெரியுமா? நேத்து பதினோரு மணிக்கு அலாரம். திரையில நேர்க்கோடு. எங்க நர்ஸ் அந்தக் கடைசி ரூமுக்கு ஓடிருக்காங்க. ஓடற வேகத்துல ஒரு செருப்பு கழண்டு வராண்டாவுலயே கெடக்குது. போய் கதவத் தொறந்தா, அந்த மனுஷன் பனியனக் கழட்டி கட்டில்ல போட்டுட்டு பாத்ரூம்ல பாட்டுப் பாடிக்கினு குளிக்கிறாரு."

போனை மறுகாதுக்கு மாற்றினேன்.

"கழட்டினா கழட்டிட்டாங்கன்னு காட்டணும். அதுக்கு ஏதாவது பண்ணுங்க" என்றார் டாக்டர்.

"பண்ணிடறோம் டாக்டர்" என்றேன். பிறகு கேட்டேன். "ரெண்டு மாசம் ஆச்சே, இன்னும் அலாரம் அடிச்சா ஓடறாங்களா?"

"ஓடாம என்ன பண்ணுவாங்க? அது அடிச்சதே நேத்துதான்."

போனை வைத்தேன். கஸ்தூரி மீட்டரைப் பிடித்தபடி, எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னா சார்?" என்றார்.

சொன்னேன். செருப்பையும் சேர்த்துச் சொன்னேன்.

"ஓடினாங்களாமா?" என்றார்.

"ஓடினாங்களாம்."

அவர் தலையாட்டினார். நிமிடம் முடிந்தது. எண்ணை எழுதிவிட்டு அடுத்த நூலை எடுத்தார்.